இரை எடுக்கும் வரை

ஃப்ரீஸரிலிருந்து எடுத்து வெந்நீரில் போட்டுப் பத்து நிமிஷமாகியும் எலியின் வயிறு இன்னும் கெட்டியாகத்தான் இருந்தது. தணிகைவேல் பிளாஸ்டிக் கவரின் மேலாகவே கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான். வால் இளகிவிட்டது, காதுகள் இளகிவிட்டன, வயிறு மட்டும் பிடிவாதமாக. மணி இரண்டே கால். மூன்று மணிக்கு சம்யு வந்துவிடுவாள். பிரிந்த மனைவி மேகலாவின் அண்ணன் ஸ்கூட்டரில் கொண்டுவந்து கேட்டுக்கு வெளியே இறக்கிவிட்டுத் தலையைக்கூடத் திருப்பாமல் போய்விடுவான், ஆறு மணிக்கு வந்து ஹாரன் அடிப்பான், இரண்டு முறை, நீளமாக. மாதத்தில் இரண்டாவது ஞாயிறு, நான்காவது ஞாயிறு, மூன்றிலிருந்து ஆறு. பெற்ற மகளைப் பார்ப்பதற்குக் கோர்ட் அவனுக்கு ஒதுக்கிக் கொடுத்த நேரம் அவ்வளவுதான். அதற்குள் பாம்பு இரை எடுக்க வேண்டும், அதை சம்யு பார்க்க வேண்டும், பார்த்துவிட்டு அவள் முகத்தில் ஏதாவது ஒன்று நடக்க வேண்டும். அடுத்த மாதம் விசாரணை. மே மாத விடுமுறையில் பதினைந்து நாள் பெண்ணைத் தன்னோடு வைத்துக்கொள்ள மனு போட்டிருக்கிறான். இந்தத் தடவை நீதிபதி குழந்தையையே கூப்பிட்டுக் கேட்பார், பதிமூன்று வயதாகிவிட்டது, கேட்கத்தான் செய்வார் என்று அவனுடைய வக்கீல் பத்மாசனி சொல்லியிருக்கிறாள். "அவ வாயிலேர்ந்து அப்பாகிட்ட போறேன்னு ஒரு வார்த்தை வரணும் சார். மத்ததை நான் பாத்துக்கறேன்." வாயிலிருந்து வர வேண்டும். எப்படி வரவழைப்பது? வந்த பதினான்கு ஞாயிறுகளில் அந்த வாயிலிருந்து வந்ததெல்லாம் சரி, இல்ல, தெரியல, மணி என்ன. ஒரே ஒரு தடவை, அவள் வந்த மூன்றாவது ஞாயிறோ நான்காவதோ, அவன் கைபேசியில் ஓடிக்கொண்டிருந்த ஒரு வீடியோவைத் தாண்டிப் போனவள் நின்றாள். யாரோ ஒரு வெள்ளைக்காரியின் மணிக்கட்டில் சின்னப் பாம்பு சுற்றிக்கொண்டிருந்தது. "கடிக்காதா?" என்று கேட்டாள். கேள்வி. அவளாகக் கேட்ட கேள்வி. அன்றிலிருந்து அவன் அதைப் பிடித்துக்கொண்டான்.

தண்ணீரை மாற்றினான். கொதிக்கிற தண்ணீர் ஊற்றக் கூடாது, வெந்துவிடும், வெந்த வாசனை வந்தால் அது தொடாது. கையை வைத்தால் பொறுக்கிற சூடு. இதெல்லாம் இப்போது அவனுக்கு அத்துப்படி. பாம்பை விற்ற கடைக்காரர் ராபின்சன் சொன்னது ஒன்றைக்கூட அவன் விடவில்லை. ஒளி புகாத பெட்டி, மூடியில் காற்றுக்குத் துளைகள். கீழே தேங்காய் நார்த் தூள். ஒரு பக்கத்துக்கு அடியில் சூடு தரும் பட்டை, அங்கே முப்பத்திரண்டு டிகிரி, மறுபக்கம் இருபத்தேழு. இரண்டு பக்கமும் ஒளிந்துகொள்ள, ஓரத்தில் வாசல் வைத்துக் கவிழ்த்த மண்தொட்டி. அம்பத்தூரில் பிஸ்டன் பின் செய்கிற கம்பெனியில் பதினெட்டு வருஷமாகத் தரம் பார்க்கிறவன் அவன். ஒரு மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் சிவப்புத் தொட்டியில் தூக்கிப் போடுகிற கை. டிகிரிக் கணக்கெல்லாம் ஒரு பொருட்டா? ஆனால் ராபின்சன் சொன்ன கடைசி விஷயம்தான். "சார், சூடு, ஈரம், ஒளிஞ்சுக்க ஒரு எடம், இதை எல்லாரும் குடுத்துடுவாங்க. இன்னொண்ணு இருக்கு. அதை மறந்துடணும். ஒரு வாரத்துக்கு அப்படி ஒரு ஜீவன் வீட்ல இருக்குதுன்னே மறந்துடுங்க. தொடாதீங்க, தொட்டியைத் தூக்கிப் பாக்காதீங்க. அது பயந்தாங்கொள்ளி சார், குட்டி வேற. பயம் போனாத்தான் பசி வரும்." அதெப்படி மறப்பது? வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் மூடியைத் திறந்து, தொட்டியை ஒரு விரலளவு தூக்கி, அது அங்கேதான் இருக்கிறதா, மூச்சு விடுகிறதா என்று பார்த்துவிட்டு வைப்பான். பார்த்துட்டு வச்சிடப் போறேன், இதுல என்ன. அது ஒவ்வொரு முறையும் தலையை நடுவில் வைத்து உடம்பைச் சுற்றிப் பந்தாகிவிடும். தவிட்டு நிறமும் கறுப்புமாக, ஒரு கைக்குள் அடங்குகிற பந்து. அதனால்தான் இங்கிலீஷில் அதற்கு அந்தப் பேர், பால் பைத்தான், பந்து மலைப்பாம்பு. கம்பெனியில் சொன்னபோது ஸ்டோர் கீப்பர் வரதப்பன், "பால் குடிக்கிற பாம்பா சார்?" என்று கேட்டுவிட்டு, யாரும் சிரிக்காததால் தானே சிரித்தான். பால் குடித்தாலாவது பரவாயில்லையே. பத்தொன்பது நாளாக அது எதையுமே வாயில் வைக்கவில்லை.

எட்டாம் நாள் செத்த எலியை இடுக்கியில் பிடித்து நீட்டினான், தலையைத் திருப்பிக்கொண்டது. பன்னிரண்டாம் நாள் எலியின் மூக்கால் அதன் மூக்கைத் தொட்டான், பந்தாகிவிட்டது. அரை மணி நேரம் நீட்டியபடி நின்றதில் தோள்பட்டை கழன்றுவிடும்போல் வலித்தது. ராபின்சனுக்கு போன் போட்டான். "மூணு மாசம்கூட சாப்பிடாம இருக்கும் சார், ஒண்ணும் ஆகாது, எடை குறையாம இருந்தா விட்டுடுங்க. வாயைத் தெறந்து திணிக்கிற வேலை மட்டும் வேணாம், செத்துரும்." மூன்று மாதம். ராபின்சனுக்கென்ன, அவருக்கு விசாரணைத் தேதி இல்லை. பதினான்காம் நாள் வேறொரு கடையில் உயிருள்ள எலிக்குஞ்சு ஒன்றை வாங்கி வந்து பெட்டிக்குள் விட்டான். ராபின்சன் வேண்டாமென்றுதான் சொல்லியிருந்தார், ஆனால் உயிரோடு ஓடினால் எதுதான் துரத்தாது? மூடியைச் சாத்திவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து காத்திருந்தான். ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தான். எலி இல்லை. தின்றுவிட்டது என்று நெஞ்சு குதித்தது. தொட்டியைத் தூக்கினான். பாம்பு பந்தாகிக் கிடந்தது, அந்தப் பந்தின் குழிவில், சூட்டுக்கு ஒட்டிக்கொண்டு, எலி தூங்கிக்கொண்டிருந்தது. அதன் விலா ஏறி இறங்கியது. இரண்டும் சேர்ந்து தன்னைக் கேலி செய்வதுபோல அவனுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. இப்படித்தான் மேகலாவும் சம்யுவும் படுத்திருப்பார்கள், அவன் அறைக்குள் போனால் ஒருத்தியின் கை இன்னொருத்தியின் மேல் இறுகும், கண் மூடியிருந்தாலும் இறுகும். வாலைப் பிடித்துத் தூக்கினான். எலி விழித்துக்கொண்டு காற்றில் நாலு காலாலும் நீந்தியது. கவரில் போட்டுக் கட்டி, ஃப்ரீஸரில், ஐஸ் தட்டுக்கு மேல் வைத்து மூடினான். கொஞ்ச நேரம் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். முதலில் கவர் சரசரத்தது. பிறகு ஃப்ரிட்ஜின் மோட்டார் ஓட ஆரம்பித்து எதுவும் கேட்கவில்லை. இப்போது வெந்நீரில் மிதப்பது அந்த எலிதான். வயிற்றை மறுபடி அழுத்தினான். இளகிக்கொண்டிருக்கிறது.

பசித்தால் தின்னும் என்பார்கள். மேகலாவும் அதைத்தான் சொல்வாள், "பசிச்சா சாப்பிடுவா, விடுங்க." பசிக்காது. அவனுக்குத் தெரியும். இதுகளெல்லாம் பசியைவிடப் பிடிவாதம் கூடுதலாகப் பிறந்தவை. சம்யு நாலு வயதில் வாயில் சோற்றை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பாள். மெல்ல மாட்டாள், துப்ப மாட்டாள், கன்னம் ஒரு பக்கம் உப்பியிருக்கும், கண் சுவரில் ஒரு புள்ளியில் நிற்கும். அவன் கடிகாரத்தை எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பான். இருபது நிமிஷம். இருபது நிமிஷத்தில் தட்டு காலியாக வேண்டும், உலகத்தில் எல்லாக் குழந்தைகளும் சாப்பிடுகிறார்கள். பதினெட்டு, பத்தொன்பது. பிறகு இடது கையால் மூக்கைப் பிடிப்பான். மூக்கைப் பிடித்தால் வாய் தானாகத் திறக்கும், அதுவொன்றும் வன்முறை இல்லை, மருந்து கொடுக்கும்போது எல்லாத் தாயும் செய்வது. வலது கையால் கரண்டி. அவ்வளவுதான், அவ்வளவுதான், முடிஞ்சிருச்சு, இன்னும் ஒரே வாய். அவனை யாரும் அப்படி ஊட்டியதில்லை. இது அவனுக்கே சில சமயம் இடறும். வக்கீல்கூடக் கேட்டாள், "உங்களைச் சின்ன வயசுல அடிச்சு வளத்தாங்களா சார்? அப்படி ஏதாவது இருந்தா சொல்லுங்க, எடுத்துச் சொல்லலாம்." இல்லை. அவனுடைய அப்பா கையை ஓங்கியதில்லை. அவன் போட்டதைத் தின்கிற பிள்ளை. அதனால்தானோ என்னவோ, ஒரு பிள்ளை தின்ன மாட்டேன் என்று உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது அவனுக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்துகொள்ளும், ஜெயிக்க வேண்டும் என்று. பத்தி பதினொன்றில் மேகலா எழுதியிருந்தாள். அவளுடைய மனுவில் இருபத்தாறு பத்திகள், அவனுக்கு மனப்பாடமாகிவிட்டது பதினொன்றுதான். மேற்படி எதிர்மனுதாரர், குழந்தை வாந்தி எடுத்த உணவை மீண்டும் அதே தட்டிலிருந்து... வாந்தி என்று எப்படிச் சொல்லலாம்? வாயிலிருந்து வெளியே வந்தது, வயிற்றிலிருந்து இல்லை. பாதி அப்படியே முழுப் பருக்கையாகத்தான் இருந்தது. கலக்காத பக்கத்திலிருந்துதான் எடுத்தான். ஒரே ஒரு வாய். இதைப் போய் யாரிடம் விளக்குவது? விளக்க வேண்டியும் இருக்கவில்லை. நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு மேகலாவின் வக்கீலைக் கேட்டார், போட்டோ இருக்கிறதா, டாக்டர் சர்டிஃபிகேட் இருக்கிறதா, யாராவது பார்த்தார்களா. எதுவும் இல்லை. மேகலா தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் குனிந்த தலையின் வகிடு அவனுக்கு இன்றைக்கும் இனிக்கிறது.

கேட் சத்தம். இரண்டு ஐம்பத்தெட்டு. எலியைத் துணியில் ஒற்றித் தட்டில் வைத்துவிட்டு, கையைச் சோப்பு போட்டுக் கழுவினான், விரலை முகர்ந்து பார்த்து இன்னொரு முறை கழுவினான். சம்யு வாசலில் நின்று செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். முதுகில் பை, பையின் பக்கத்தில் அவளுடைய தண்ணீர் பாட்டில், கையில் மேகலா வாங்கிக்கொடுத்த கைபேசி, ஏதாவது ஆனால் கூப்பிட. என்ன ஆகிவிடும் இங்கே? "வாடா கண்ணு. வெயில் பாரு, எப்படிக் கருத்துட்ட. முட்டை பஃப்ஸ் வாங்கி வச்சிருக்கேன், சூடு பண்ணித் தரவா?" "சாப்பிட்டுத்தான் வந்தேன்." "நூடுல்ஸ்? நான் செய்யறதில்ல, கடையில வாங்கினது." "வேணாம்ப்பா." பதினான்கு ஞாயிறு, இது பதினைந்து. இந்த வீட்டில் அவள் ஒரு பிஸ்கட் தின்றதில்லை. தண்ணீர்கூட அவளுடையது. முன்பெல்லாம் நீ, வா, போ என்று பேசிக்கொண்டிருந்தவள், பிரிந்த பிறகு நீங்க என்று மாற்றிக்கொண்டாள், யாரும் சொல்லாமல், ஒரே நாளில். "அம்மா சொல்லி அனுப்பறாளா, அங்க எதையும் வாயில வைக்காதேன்னு?" சிரித்துக்கொண்டேதான் கேட்டான். அவள் பையைத் தோளிலிருந்து இறக்காமல் அவனைப் பார்த்தாள். "இல்ல. அம்மா சாப்பிடத்தான் சொல்வாங்க. நானாதான்." பிறகு, அந்தப் பேச்சு முடிந்ததுபோல, "சாப்பிட்டுச்சா அது?" என்றாள். அது. போன தடவை பெயர் வைக்கச் சொன்னபோது, அதுக்கு எதுக்குப் பேரு, கூப்பிட்டா வரவா போகுது என்று சொல்லிவிட்டாள். ஆனாலும் கேட்டாள் பார், வந்ததும் கேட்டாள். "உனக்காகத்தான் வெயிட் பண்றோம், நானும் அதுவும். இன்னிக்குச் சாப்பிடும் பாரு."

அவள் படுக்கையறைக்குள் போய்த் தாழ்ந்த ஸ்டூல்மேல் இருந்த பெட்டிக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மூடியில் கை வைக்கவில்லை, துளைகள் வழியாகப் பார்த்தாள். அவன் இடுக்கியையும் எலியையும் கொண்டுவந்தான். எலியின் தலையை மட்டும் ஹேர் டிரையரில் சூடாக்க வேண்டும், பாம்புக்குக் கண்ணைவிடச் சூடுதான் முதலில் தெரியும் என்று விளக்கினான், அவள் கேட்டுக்கொண்டிருந்தாள், கேட்டுக்கொண்டுதான் இருந்தாள், நடுவில் ஒரு தடவை ம் கொட்டினாள். அந்த ம்முக்காக அவன் இன்னும் நிறையச் சொன்னான், ஆப்பிரிக்கா, மழைக்காலம், கறையான் புற்று, வாயைத் திறந்து திணிக்கக் கூடாது என்று ராபின்சன் சொன்னது. "எலி எங்கேர்ந்து?" என்று கேட்டாள். "கடையிலதான். செத்ததைத்தான் விப்பாங்க." அவள் எலியின் முகத்தைப் பார்த்தாள். அதன் முன்னங்கால்கள் இரண்டும் மார்போடு மடங்கியிருந்தன. இடுக்கிக்குக் கையை நீட்டினாள். "நான் குடுக்கறேன். நீங்க வெளிய நில்லுங்க." "நான் பக்கத்துல இருந்தாத்தான்..." "ரெண்டு பேர் நின்னா அதுக்குத் தெரியும்ப்பா. லைட்டை ஆஃப் பண்ணிட்டுப் போங்க." தன் வீட்டில் தன் அறையிலிருந்து அவன் வெளியே வந்தான். கதவை முழுக்கச் சாத்தாமல் ஒரு விரற்கடை விட்டான். இடைவெளியில் அவளுடைய பக்கவாட்டு முகம் தெரிந்தது, ஜன்னல் திரை வழியாக வந்த பழுப்பு வெளிச்சத்தில். மூடியைச் சத்தமில்லாமல் நகர்த்தி, இடுக்கியை மெதுவாக உள்ளே இறக்கி, தொட்டியின் வாசலுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். அவ்வளவுதான் செய்தாள். பிறகு முகத்தைத் திருப்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டாள். பாம்பைப் பார்க்கவே இல்லை. ஐந்து நிமிஷம். எட்டு. கை ஆடவில்லை. அவனுக்குக் கால் மாற்றி நிற்க வேண்டியிருந்தது, முட்டி சொடக்கியது, மூச்சை அடக்கினான். பன்னிரண்டு. ஆட்டு, கொஞ்சம் ஆட்டு, உயிரோட இருக்கிற மாதிரி ஆட்டணும் என்று சொல்ல வாய் வந்தது. இவளுக்கு எங்கிருந்து வந்தது இந்தப் பொறுமை? மேகலாவுக்குக் கிடையாது, அவள் அழுதுவிடுவாள். அந்தக் கண், சுவரில் ஒரே புள்ளியில் நிற்கிற அந்தக் கண்ணை அவனுக்குத் தெரியும். உப்பிய கன்னம் மட்டும்தான் இல்லை. பதினைந்து. அவன் பார்வை அவளுடைய கன்னத்திலிருந்து கைக்கும், கையிலிருந்து இடுக்கிக்கும் இறங்கியபோது தொட்டியின் வாசலில் ஒரு தலை வந்திருந்தது. நாக்கு வெளியே வந்தது, போயிற்று. மறுபடி வந்தது. கழுத்து மெல்ல ஓர் எஸ் எழுத்தாக மடிந்தது. பாம்பு பாய்ந்த சத்தம்கூடக் கேட்கவில்லை, இடுக்கி மட்டும் ஒருதரம் அதிர்ந்தது, அடுத்த நொடியில் எலியைச் சுற்றி இரண்டு சுற்று.

"பிடிச்சிருச்சு!" கதவு சுவரில் மோதியது. அவன் உள்ளே இருந்தான், எப்படி வந்தானென்று அவனுக்கே தெரியவில்லை, கைதட்டிவிட்டான், விளக்கையும் போட்டுவிட்டான். "சம்யு! பாத்தியா! நான் சொன்னேன்ல!" அவள் தோளைப் பிடித்துக் குலுக்கினான். அவள் தோள் அவன் கைக்குள் கல்லாயிற்று. பெட்டிக்குள் சுற்றுகள் தளர்ந்தன, வாய் எலியை விட்டது, பாம்பு பின்னுக்கு நகர்ந்து தொட்டிக்குள் போய்விட்டது. நார்த் தூளின் மேல் எலி மல்லாந்து கிடந்தது, ஈரமாக. சம்யு இடுக்கியை மேசைமேல் வைத்தாள். "விட்டுடுச்சு," என்றாள். கோபம்கூட இல்லை, அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. மிஸ் வரவில்லை, கிளாஸ் இல்லை என்று சொல்வதுபோலச் சொன்னாள். "பரவால்ல. ஒரு வாரம் கழிச்சுக் குடுத்தா சாப்பிடும்." "ஒரு வாரம் கழிச்சு நீ இருக்க மாட்டியே." "வீடியோ அனுப்புங்க." "இல்லம்மா, இரு, கிளம்பாத, இரு. வாயில வச்சுதுல்ல? அப்போ பசி இருக்கு. பயம்தான். கொஞ்சம் நாம ஹெல்ப் பண்ணாப் போதும்." அவன் தொட்டியைத் தூக்கிவிட்டிருந்தான். பந்தை இடது கையில் எடுத்தான், அது உள்ளங்கைக்குள் இன்னும் இறுகியது. தலையைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது, ஒவ்வொரு சுற்றாகப் பிரித்து. "அப்பா, வேணாம்." அது அவளுடைய குரல், சின்னக் குரல். "ஒண்ணும் ஆகாது. இதெல்லாம் செய்யறதுதான். குட்டிங்களுக்கு ஆரம்பத்துல பழக்கி விடணும், ஒருதரம் ருசி தெரிஞ்சா அப்புறம் அதுவா கேக்கும்." தலையின் பின்னால் கட்டைவிரலும் நடுவிரலும். இவ்வளவு சின்னத் தலை. பர்ஸிலிருந்து ஏ.டி.எம். கார்டை எடுத்து அதன் மூலையை உதடுகளுக்கு நடுவே வைத்து அழுத்தினான். வாய் திறக்கவில்லை. பிடிவாதம். கார்டை லேசாகத் திருப்பினான். எங்கோ ஒன்று நெகிழ்ந்தது, வாய் திறந்தது, உள்ளே வெளிறிய ரோஜா நிறம், வாய் ஓரத்தில் ஊசிமுனை அளவுக்கு ஒரு சிவப்பு. எலியின் மூக்கை அதில் வைத்தான்.

நிமிர்ந்தபோது சம்யு கைபேசியைத் தூக்கிப் பிடித்திருந்தாள். அவனைப் பார்த்து. இந்தப் பதினைந்து ஞாயிறுகளில் அவள் அவனை ஒரு போட்டோகூட எடுத்ததில்லை. அவன் எடுத்தால் முடியை முகத்தில் விட்டுக்கொள்வாள். இப்போது அவளாக எடுக்கிறாள், வீடியோ, சின்னச் சிவப்புப் புள்ளி அவள் மூக்குக்கண்ணாடியில் தெரிகிறது. அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்லா எடு. ஃப்ரெண்ட்ஸுக்கெல்லாம் காட்டு, எங்க அப்பா பாம்புக்கு ஊட்டறாருன்னு." எலியின் தலை உள்ளே போய்விட்டது, தோள்தான் இடித்தது, கட்டைவிரலால் தள்ள வேண்டும். பாம்பின் வால் அவன் மணிக்கட்டில் சுற்றி இறுக்கியது, அவிழ்ந்தது, மறுபடி இறுக்கியது. "அப்பா, அது வேண்டாம்னு சொல்லுது," என்றாள் சம்யு. "வாயில ரத்தம் வருது. கடைக்காரர் இப்படிச் செய்யக் கூடாதுன்னு சொன்னார்ல? விட்டுடுங்கப்பா." அவள் ஒரே மூச்சில் இத்தனை பேசி அவன் கேட்டதில்லை. ஆனால் குரலில் என்னவோ. சின்னக் குரல் இல்லை இது. பள்ளிக்கூடத்தில் காலையில் மைக் முன்னால் நின்று செய்தி வாசிப்பதுபோல, ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியாக, கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும் என்பதுபோல. இந்த அறையில் கடைசி வரிசை எங்கே இருக்கிறது? அவனிடம் பேசுகிறாள், அவனுக்காகப் பேசவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு நீதிபதி கேட்கிறார், போட்டோ இருக்கிறதா, யாராவது பார்த்தார்களா. அவன் உடம்பில் வியர்வை ஒரே சமயத்தில் எல்லா இடத்திலும் பூத்தது. நிறுத்த வேண்டும். இப்போதே வெளியே இழுத்துவிட வேண்டும். இழுத்தான், வரவில்லை. அதன் பற்கள் உள்நோக்கி வளைந்தவை, உள்ளே போனது திரும்பி வராது, இழுத்தால் தொண்டை கிழியும், கிழிவதும் வீடியோவில் பதியும். கையோடு பெட்டிக்குள் விட்டுவிடலாமா, பாதி எலியோடு அது துடிப்பதை அவள் கைபேசி பார்க்கும். தள்ளத்தான் முடியும். தள்ளினான். "அவ்வளவுதான்," என்று யாரோ சொன்னது கேட்டது, "அவ்வளவுதான், முடிஞ்சிருச்சு, இன்னும் கொஞ்சம்தான்," அது அவன் குரல்தான், அவனால் அதை நிறுத்த முடியவில்லை, வாய் அதுவாகச் சொல்லிக்கொண்டே போயிற்று. மணிக்கட்டில் இறுக்கம் குறைந்துகொண்டே வந்தது. மணி மூன்றே முக்கால்தான். ஹாரன் சத்தத்துக்கு இன்னும் இரண்டேகால் மணி நேரம் இருக்கிறது. சம்யு நாற்காலியிலிருந்து எழுந்து பக்கத்தில் வந்தாள், இதுவரை வராத அளவுக்குப் பக்கத்தில், கை கொஞ்சமும் ஆடாமல்.

"இந்தப் பக்கம் திரும்புங்கப்பா," என்றாள். "முகம் சரியா விழல."

அவன் திரும்பினான்.